காப்புக் கட்டிய கை

நீலாவதிக்குக் கடலைக் கண்டு பயமில்லை, காட்டைக் கண்டும் பயமில்லை. புருஷன் குடிக்கிறான் என்பதற்காகக்கூட அவள் பயந்ததில்லை. தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவளுக்குக் குடிக்காத ஆம்பிளைதான் அதிசயம். அவள் முதல்முதலாகப் பயந்தது, அவன் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் குடிக்க ஆரம்பித்தபோதுதான்.

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் முடித்தவர்கள் அவளும் குழந்தைவேலுவும். நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று இலங்கையில் சொல்லிவிட்டார்கள். கோச்சி என்கிற ரயில் ஏறி, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, மறுபடியும் ஒரு கப்பல் ஏறி, நிக்கோபாரில் கட்சால் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். வாழ்நாளில் பார்த்தே இராத தாய்நாட்டுக்குத் 'திரும்பி வந்தவர்கள்' என்று சர்க்கார் அவர்களுக்குப் பேர் வைத்தது. சர்க்காரின் ரப்பர் தோட்டத்திலேயே வேலையும் கொடுத்தது. அதே மரம், அதே கத்தி, அதே பால். சுற்றிலும் கடல் என்பதுதான் வித்தியாசம்.

பால் வெட்டுகிற கைக்கு நிதானம் வேண்டும். பட்டையை மட்டும் சீவ வேண்டும், கத்தி உள்ளே இறங்கினால் மரத்துக்குக் காயம். எழுபத்தாறாம் வருஷ வாக்கில் குழந்தைவேலுவின் கை விடியற்காலையில் ஆட ஆரம்பித்தது. உள்ளே ஒரு மடக்கு போனால் ஆட்டம் நின்றுவிடும். காட்டுக்குள் ஓடைப் பக்கம் யாரோ காய்ச்சுகிற சரக்குக்கு இங்கேயும் கசிப்பு என்று இலங்கைப் பேர்தான். முதலில் கை நிற்பதற்காக ஒரு மடக்கு என்றிருந்தது, பிறகு ஆளே நிற்பதற்கு அரைப் போத்தல் என்றாகிவிட்டது.

நீலாவதி இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இலங்கைத் தோட்டத்தில் ஒருத்தன் தப்புச் செய்தால் பத்துச்சீட்டு கொடுத்துவிடுவார்கள். வேலையும் போகும், லயமும் போகும், பெண்டாட்டி பிள்ளையோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். கட்சாலில் அப்படி ஒரு சீட்டே கிடையாது. ஆனால் அந்தப் பயம் மட்டும் டிக்கெட் எடுக்காமலே இவர்களோடு கப்பலேறி வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, "தம்பி ஏன் இப்பிடி எளைச்சுப் போயிருக்கு?" என்று கேட்டால், "மலேரியாக்கா, வந்து வந்து போகுது" என்று சொல்லிச் சமாளித்தாள். தீவில் மலேரியா இருப்பது பொய்க்கு வசதியாகத்தான் இருந்தது.

வைகாசியில் மாரியம்மனுக்கு விழா எடுப்பதென்று குடியிருப்பில் முடிவானது. தகரக் கூரை போட்ட கோவிலுக்கு அதுதான் முதல் விழா. நீலாவதிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. காப்புக் கட்டினவன் குடிக்க முடியாது. கறி மீன் கிடையாது, பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது, காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை உடம்பு ஆத்தாளுக்குச் சொந்தம். இலங்கையில் வருஷா வருஷம் காப்புக் கட்டி, விழா முடிகிறவரை சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவன்தானே குழந்தைவேலு?

"ஏங்க, இந்த வருசம் நீங்க காப்புக் கட்டிக்கங்க. எனக்காக வேணாம். நம்ம ஜெயமணிக்காக" என்றாள். ஜெயமணி அவர்கள் மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு.

அவன் தன் கையையே பார்த்தான். "கட்டுறேன் புள்ள. அவுத்ததுக்கப்புறமும் குடிக்க மாட்டேன். இது சத்தியம்" என்று மகள் தலையில் கை வைத்தான். அந்தக் கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

காப்புக் கட்டிய அன்று நன்றாகத்தான் இருந்தான். மறுநாள் வியர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை, சுவரில் என்னவோ ஊர்கிறது என்றான். விரதம் என்றால் உடம்பு படுத்தத்தானே செய்யும் என்று நீலாவதி மோரைக் கரைத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் காலையில் கோவிலில் உடுக்கைச் சத்தம் கேட்டதும் எழுந்து போனான். போனவன் ஆட ஆரம்பித்தான்.

உடம்பு முழுக்க நடுங்கியது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. இல்லாத அட்டைகளைக் காலிலிருந்து பிய்த்துப் பிய்த்து எறிந்தான். யாரும் இல்லாத பக்கம் திரும்பிப் பேசினான். பொன்னம்மா குலவை போட்டாள். "ஆத்தா எறங்கிட்டா! கடல் தாண்டி நம்மளத் தேடி வந்துட்டா!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பூசாரி மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவன் தலையில் ஊற்றினார், கையில் வேப்பிலையைத் திணித்தார்.

பொய் சொல்வானேன், நீலாவதிக்கும் முதலில் மெய்சிலிர்த்தது. ஊரே தன் புருஷன் காலில் விழுகிறது. நேற்றுவரை மலேரியா என்று பொய் சொல்லி மறைத்த ஆளை இன்றைக்குச் சாமி என்கிறார்கள். எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு குளிராது?

ஆளாளுக்குக் குறி கேட்டார்கள். பொன்னம்மா முந்திக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுடைய ஒரே மகள் மரகதம் இலங்கையில் நின்றுவிட்டவள். மரகதத்தின் புருஷனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, தாய்க்குக் கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் கோச்சியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்த மகளைத்தான் பொன்னம்மா கடைசியாகப் பார்த்தது.

"ஆத்தா, எம் மகள நான் உசுரோட பாப்பனா? சொல்லு ஆத்தா!"

குழந்தைவேலு கடல் இருக்கிற திசையைக் கை காட்டினான். "கப்பல் வருது. எல்லாம் எறங்குதுக. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒருத்தி எறங்கி வர்றா பாரு" என்றான்.

பொன்னம்மா மண்ணில் விழுந்து அழுதாள். கூட்டமே அழுதது. நீலாவதியின் கண் மட்டும் நீட்டிய அந்தக் கையில் போய் நின்றது. அந்த ஆட்டம் அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் கத்தியை எடுக்கும்போது விரல் நுனியில் தொடங்குமே, அதே ஆட்டம். அது இப்போது தோள்வரை ஏறியிருக்கிறது.

மண்டபம் முகாமில் அடுத்த கொட்டகைக்காரன் ஒருத்தன் இப்படித்தான் ஆடினான். குடிக்க வழியில்லாமல் மூன்று நாள் கிடந்துவிட்டு, பூச்சி ஊர்கிறது, ஆள் வருகிறான் என்று கத்தினான். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். விடிந்து பார்த்தால் செத்துக் கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவள் நீலாவதி.

அவள் கூட்டத்துக்குள் புகுந்து அவன் தோளைப் பிடித்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. "என்னாங்க, நான் யாருன்னு தெரியுதா?"

"கதவச் சாத்துங்கம்மா, அட்டை வருது" என்றான் அவன், முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்வதுபோல. சொன்னவன் அப்படியே சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது. பல்லுக்கிடையில் நாக்கு மாட்டி ரத்தம் வந்தது. பிறகு அசைவில்லாமல் கிடந்தான்.

"சாமி மலையேறிருச்சு. நெழல்ல படுக்கப் போடுங்க. சாயந்தரம் மறுபடி எறங்கும்" என்றார் பூசாரி.

சாயந்தரம்வரை இந்த உயிர் இருக்குமா? நீலாவதி சுற்றிலும் பார்த்தாள். ஆஸ்பத்திரி, கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காப்புக் கட்டியவனை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் ஆத்தாளுக்கு ஆகாது. ஆத்தாளுக்குக் கோபம் வந்தால் முத்தாகத்தான் போடுவாள், அதுவும் குழந்தை மேலேதான் போடுவாள். இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் பிள்ளை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், அந்த எறும்பாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, யார் தூக்குவது? சுற்றி நின்ற ஆம்பிளைகள் ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிறு. ஊரிலேயே காப்புக் கட்டாத ஆம்பிளை ஒரே ஒருத்தர்தான்.

டிராக்டர் டிரைவர் அப்துல் வாஹித் ராமநாதபுரத்துக்காரர். பத்து வருஷம் போர்ட் பிளேரில் லாரி ஓட்டிவிட்டுக் கட்சாலுக்கு வந்தவர். ஷெட்டில் டிராக்டருக்கு அடியில் படுத்து என்னவோ திருகிக்கொண்டிருந்தவர், நீலாவதி ஓடிவந்த வேகத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அவரு செத்துப் போயிருவாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"அங்கன சாமி வந்துருக்குன்னுல சொன்னாக?"

சொன்னால் வேலை போகுமோ, வீடு போகுமோ, ஊர் காறித் துப்புமோ. இத்தனை மாசமாக ஒளித்து வைத்ததைக் கடைசியில் யாரோ ஒரு டிரைவரிடமா கொட்டுவது?

"சாராயம்ணே. காலைலயே குடிப்பாரு. நான்தான் காப்புக் கட்டச் சொன்னேன். ஒரேயடியா நிறுத்திட்டாரு" என்றாள்.

வாஹித் கையைத் துடைத்துக்கொண்டார். "போர்ட் பிளேர்ல என் கூட்டாளி ஒருத்தனுக்கு இப்படி ஆச்சு. ஜல்தி வா தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். ஆபீசில் கேட்காமல் வண்டியை எடுத்தது பற்றி அவர் அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை.

கறுப்புக் கம்பளியில் குழந்தைவேலுவைச் சுருட்டி டிரெய்லரில் ஏற்றும்வரை ஊர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. எல்லையில் பொன்னம்மா வழியை மறித்துவிட்டாள். எல்லை என்றால் வேறொன்றுமில்லை, கடைசி வரிசை ரப்பர் மரத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் பூசி நட்டிருந்த ஒரு கல்.

"ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சாமிய எங்கடி கொண்டு போற? காப்போட இந்தக் கல்லத் தாண்டுனா ஊரே அழிஞ்சு போகும்டி!"

"எக்கா, அந்தக் கல்ல ஜெட்டியிலருந்து இந்த டிரெய்லர்ல ஏத்திக்கொண்டு வந்து எறக்குனவனே நாந்தான். தள்ளுங்க" என்றார் வாஹித்.

பொன்னம்மா தள்ளவில்லை. நீலாவதி ஜெயமணியை இடுப்பில் வைத்துக்கொண்டு டிரெய்லரிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே ஓடிவந்த ஊர் முழுக்க அங்கே நின்றது.

"அக்கா, இது சாமியில்ல. கசிப்பு. மலேரியான்னு நான் சொன்னதெல்லாம் பொய். குடிக்காம விட்டதால வந்த ஆட்டம் இது. விடுங்கக்கா, செத்துருவாரு."

பொன்னம்மாவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "அப்ப எம் மக வர்றான்னு சொன்னது?" என்று கேட்டாள்.

அதற்கு நீலாவதியிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் அவளுக்குத் தைரியம் இல்லை. "அது எனக்குத் தெரியாதுக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னம்மா அந்தப் பதிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒடம்பு சாராயமா இருக்கட்டும். சொன்ன வாக்கு ஆத்தா வாக்குதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நீலாவதியின் இடுப்பிலிருந்த ஜெயமணியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வழிவிட்டாள். டிராக்டர் கல்லைத் தாண்டியபோது நீலாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர். சின்ன வயசு, பெரிய கோபம். கண்ணைப் பிரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், "கித்னே தின் ஸே பீதா ஹை?" என்று நீலாவதியைப் பார்த்துக் கேட்டார். எத்தனை நாளாகக் குடிக்கிறான் என்று வாஹித் தமிழில் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் இந்தியில் சொன்னார். ஒரு பெண் தன் வீட்டு மானத்தை அன்னிய ஆம்பிளையின் வாய் வழியாக இன்னொரு அன்னிய ஆம்பிளைக்குச் சொல்வது லேசான காரியமில்லை. வாஹித் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். அந்த மரியாதையை நீலாவதி கடைசிவரை மறக்கவில்லை.

கையைக் கட்டிலோடு கட்டிவைக்க வேண்டியிருந்தது. இடைஞ்சலாக இருந்த மஞ்சள் கயிற்றை டாக்டர் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டிக் கீழே போட்டார். நீலாவதிக்குத் தன் தாலியே அறுந்ததுபோல் இருந்தது. ஓடிப்போய்ப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். "நான்தான்" என்றாள்.

அவர் பேசியதை வாஹித் மெதுவாகச் சொன்னார். "நிறுத்துனது தப்பில்லையாம் தங்கச்சி. இவ்வளவு குடிச்சவன் ஒரேயடியா நிறுத்துனா ஒடம்பு தாங்காதாம். ஆஸ்பத்திரியில வச்சு, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணுமாம். பொழைக்கிறது இன்னும் நிச்சயமில்லையாம். இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணுமாம்."

அந்த இரண்டு நாளும் அவள் எதையெல்லாம் நினைத்துப் பயந்தாள் என்று சொல்லி முடியாது. அவன் கத்தினால் பயம், கத்தாமல் கிடந்தால் அதைவிடப் பயம். நடுவில் மகளுக்கு உடம்பில் முத்துப் போட்டிருக்குமோ என்று நினைப்பு ஓடும். ஆபீஸிலிருந்து யாராவது சீட்டோடு வருகிறார்களோ என்று வாசலைப் பார்ப்பாள். ஆபீஸிலிருந்து ஒருவர் வரத்தான் வந்தார். லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிராக்டரை எடுத்ததற்கு வாஹித்துக்குத் திட்டு விழுந்ததோடு சரி.

குழந்தைவேலு கண்ணைத் திறந்து "நீலா, தண்ணி" என்றபோது அவள் தண்ணீரை மறந்து அழுதாள்.

டாக்டர் அவனை லேசில் விடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் வேலை முடிந்ததும் வந்து தன் முன்னால் கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்றார். அவனும் போனான். கையை நீட்டுவான், டாக்டர் பார்ப்பார், சில நாள் சத்து ஊசி போடுவார், சில நாள் "டீக் ஹை, ஜாவ்", அதாவது சரி போ என்பார். வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் கையை நீட்ட வேண்டுமே என்பதற்காகவே அவன் பல சாயங்காலங்களை ஓடைப் பக்கம் போகாமல் கடத்தினான். மகளுக்கும் முத்துப் போடவில்லை. நீலாவதி தினமும் விளக்கைப் பிடித்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவன் குடிக்காதபோது பேசிய பேச்சுதான் எத்தனை விடிந்தும் போகவில்லை.

போர்ட் பிளேர் கப்பல் வருகிற நாளெல்லாம் பொன்னம்மா தலை சீவி, வெளுத்த சேலை கட்டி, அவித்த மரவள்ளிக் கிழங்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்புவாள். மரகதத்துக்குக் கிழங்கு உயிர். போகும்போது இவர்கள் வாசலில் நின்று, "போய்ட்டு வர்றேன் தம்பி. இன்னைக்கு வந்துருவா" என்பாள். திரும்பும்போது வேறு வழியாகப் போய்விடுவாள்.

குழந்தைவேலுவுக்குத் தான் சொன்னது எதுவும் நினைவில்லை. நீலாவதி சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து கப்பல் நாள் வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்றைக்குக் கை லேசாக ஆடும். ஒருமுறை ஓடைப் பாதைவரை போய்விட்டு, வியர்வையில் நனைந்து திரும்பி வந்தான். நீலாவதி கிட்டப் போய் மோந்து பார்த்தாள். கசிப்பு வாடை இல்லை. ஆனால் அடுத்த கப்பலுக்கு?

அடுத்த கப்பல் வந்தது. பொன்னம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் குழந்தைவேலு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நீலாவதி மகளைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் பின்னால் போனாள். எல்லைக் கல் பக்கத்தில் பாதை பிரிகிறது. இடது பக்கம் ஓடை, வலது பக்கம் ஜெட்டி. அவன் அங்கே நின்றான். காப்பும் இல்லை, சத்தியமும் செல்லாது. எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவாள்? கூப்பிடாமலே நின்றாள். அவன் வலது பக்கம் திரும்பினான்.

ஜெட்டியில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பொன்னம்மா ஒரு சிமெண்டுக் கட்டையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைவேலு அவள் முன்னால் போய்க் குத்தவைத்தான்.

"அக்கா, அன்னைக்குப் பேசுனது ஆத்தா இல்ல."

பொன்னம்மா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடிகாரன்க்கா. குடியில பொரண்ட மூள என்னமோ ஒளறிருச்சு. கப்பலும் நான் பாக்கல, மரகதத்தையும் பாக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க ஒவ்வொரு கப்பலுக்கும் வாசல்ல வந்து நிக்கிறப்ப எனக்குச் செத்துரலாம் போல இருக்குக்கா."

குடிகாரன் என்று அவன் தன் வாயால் சொல்லி நீலாவதி கேட்டது அதுதான் முதல் தடவை. பொன்னம்மா அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தாலும் தப்பில்லை. மண்ணை வாரித் தூற்றினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"அப்ப ஆத்தா சொல்லலயா?" என்றாள் பொன்னம்மா.

"சொல்லலக்கா."

"நெசமாத்தான?"

"எம் புள்ள மேல... சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. ஆனா நெசம்."

பொன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுது முடிக்க நேரமானது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆத்தாவே என்னைய ஏமாத்திட்டான்னு நெனச்சு இத்தன நாளா வெளக்குகூட வைக்கலடா தம்பி. மக வராட்டிக் கெடக்குது. அது எங்களப் பிரிச்ச சர்க்காரு செஞ்ச அநியாயம். ஆத்தாவும் பொய் சொல்லிட்டா நான் யாருகிட்டடா போவேன்? நல்ல வேள, பொய் சொன்னது நீதான்."

பையைத் திறந்து ஒரு கிழங்கை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தின்னு. ஆறிப் போச்சு."

வாங்குவதற்கு அவன் நீட்டிய கையை நீலாவதி பார்த்தாள். ஆடத்தான் செய்தது. கிழங்கு கீழே விழாமல் இருக்க அவன் இன்னொரு கையையும் கொடுத்து வாங்கிக்கொண்டான்.